பதினோராம் மணி நேரத்துக் கூலி

கடற்கரைப் பட்டினத்தில் வாழ்வோர்க்குக் கிறிஸ்தவத் திருமறை அயல்நாட்டு நூலாகத் தோன்றுவதில்லை. வலையை அலசிக் காயவைப்போர், சுங்கச் சாவடியில் அமர்ந்து வரி வாங்குவோர், காற்று மாறியதைக் கண்டு பாயை இறக்குவோர், சரக்கைக் கடலில் வீசியெறிந்து கப்பலைக் காக்க முயல்வோர், வேலைக்கு அழைக்க யாரேனும் வருவரா என்று விடியற்காலையிலேயே வந்து காத்து நிற்போர் ஆகிய மாந்தர் அனைவரும் அந்நூலில் உலவுகின்றனர். பினாங்குத் துறைமுகத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இவர்களுள் ஒருவரும் புதியவரல்லர். இவர்களுள் இறுதியாகக் குறிக்கப்பட்டவர்களைப் பற்றிய உவமை ஒன்று மத்தேயு எழுதிய நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் இடம்பெற்றுள்ளது. சமய நம்பிக்கை அன்றாட வாழ்வில் என்ன செய்ய வேண்டும் என்ற வினாவுக்கு அந்நூல் தரும் விடைகளுள், படிப்பவரை மிகுதியாகத் தொல்லைப்படுத்தும் விடை அதுவே எனலாம்.

உவமையின் கதை சிறியது. திராட்சைத் தோட்டத்திற்கு உடையவன் ஒருவன் விடியற்காலையில் சந்தைவெளிக்குச் சென்று, நாளொன்றுக்கு ஒரு பணம் என்று கூலி பேசிச் சிலரை அழைத்து வருகின்றான். பின்னர் மூன்றாம் மணி வேளையிலும், நண்பகலிலும், ஒன்பதாம் மணி வேளையிலும் சென்று மேலும் சிலரை அழைக்கின்றான். பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரமே எஞ்சியிருக்கும்போது, அதாவது பதினோராம் மணி வேளையில், இன்னும் சிலர் அங்கேயே நிற்பதைக் காண்கின்றான். பகல் முழுதும் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கின்றான். எங்களை ஒருவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்பது அவர்கள் தரும் விடை. அவர்களையும் அனுப்புகின்றான். மாலையில் கடைசியாக வந்தவர் தொடங்கி முதலில் வந்தவர் வரையில் கூலி கொடுக்குமாறு கணக்கனுக்குக் கட்டளையிடுகின்றான். ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கு ஒரு பணம். வெயிலையும் பாரத்தையும் பகல் முழுதும் சுமந்தவனுக்கும் அதே ஒரு பணம். முந்தியவர் முணுமுணுக்கின்றனர்.

முணுமுணுத்தவர் பக்கம் நியாயம் இல்லை என்று எளிதில் கூறிவிட இயலாது. கணக்குப் படித்த எந்தச் சிறுவனும் அவர்கள் பக்கமே பேசுவான். பன்னிரண்டு மணிக்கு ஒரு பணம் எனில் ஒரு மணிக்கு எவ்வளவு என்பது மூன்றாம் வகுப்புக் கணக்கு. இந்தக் கணக்கு இடிப்பதனால்தான் உரையாசிரியர் பலரும் இவ்வுவமையைத் தரையிலிருந்து தூக்கி விண்ணில் வைத்துவிட்டனர். தோட்டம் விண்ணரசு; கூலி நித்திய வாழ்வு; முதலில் வந்தவர் யூதர்; பின்னர் வந்தவர் பிற இனத்தார்; அல்லது, இறுதி மூச்சில் மனந்திரும்பியவர். இவ்விளக்கங்கள் தவறானவை என்று சொல்வதற்கில்லை. கதையும் விண்ணரசைப் பற்றியதாகவே தொடங்குகின்றது. ஆயினும் விண்ணரசைப் பற்றிப் பேச விழைந்த கிறிஸ்து, அரண்மனையையோ ஆலயத்தையோ நாடாமல் நாட்கூலி ஆட்கள் நிற்கும் இடத்தைத் தேர்ந்தது ஏன் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பினாங்கின் கதையும் ஒரு வகையில் சந்தைவெளியில் நின்றவர்களின் கதையே. 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்டு, வரியில்லாத் துறைமுகமாகத் திறந்துவிட்ட காலந்தொட்டே சோழமண்டலக் கரையிலிருந்து தமிழர் இங்கு வந்தனர். வணிகராய் வந்தவருள் சூலியா முஸ்லிம்களும், பின்னாளில் தெருவோரக் கிட்டங்கிகளில் பெட்டகம் வைத்து லேவாதேவி நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் குறிப்பிடத்தக்கவர். உடல் வலிமை ஒன்றையே முதலாகக் கொண்டு வந்தவர் தொகை இவர்களினும் மிகுதி. 1926இல் கட்டப்பெற்று 1973 வரை ஓடிய ‘ரஜுலா’ கப்பலின் தளத்தில் பாய் விரித்துப் படுத்து, சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வங்கக் கடலைக் கடந்தோர் பலர் மலாயா மண்ணை முதன்முதலாக மிதித்த இடம் பினாங்கு. அவர்களுள் பெரும்பாலோர் ரப்பர் தோட்டங்களுக்குச் சென்றனர். சிலர் துறைமுகத்தோடு நின்றுவிட்டனர்.

அவர்களுள் கிறிஸ்தவரும் இருந்தனர். தமிழ்க் கத்தோலிக்கருக்கென 1857இல் தோன்றிய புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் பினாங்கு சாலையில் இன்றும் இருக்கின்றது. ஆலயம் சவேரியார் பெயரைத் தாங்குவது பொருத்தமே. 1542இல் இந்தியாவுக்கு வந்த அவர் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே தமிழில் மன்றாட்டுகளைக் கற்பித்தவர். அம்மக்களைச் சுரண்டிய போர்த்துகீசிய அதிகாரிகளை வெளிப்படையாகக் குறை கூறிக் கடிதங்கள் எழுதியவர். 1545இல் மலாக்காவுக்கு வந்தவர். மன்றாட்டைக் கற்பித்த அதே நாவினால் அதிகாரியின் பேராசையையும் கண்டித்தார் என்பதைப் பின்வந்தோர் அடிக்கடி மறந்துவிடுகின்றனர்.

துறைமுகத்தில் ஆள் எடுக்கும் முறை உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்துவந்தது. கப்பல் வரும் நாள் நிச்சயமில்லை. வந்தால் நூறு பேர் வேண்டும். வராவிட்டால் பத்துப் பேர் போதும். ஆகவே கம்பெனி எவரையும் நிலையாக வைத்துக்கொள்வதில்லை. ஒப்பந்தக்காரர் ஒருவர், அவருக்குக் கீழே ஒரு தண்டல் அல்லது மண்டோர், அவனுக்கு முன்னே விடியலில் கூடி நிற்கும் கூட்டம். அவன் விரல் சுட்டியவன் அன்று சோறுண்பான். சுட்டப்படாதவன் அடுத்த கப்பலுக்காக நிற்பான். ஆழ்நீரில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து தொங்காங்குகளில் சரக்கை இறக்கிக் கரைசேர்த்த காலத்தில், ஒரு மூட்டையைத் தூக்குவதற்கு எத்தனை கைகள் தேவைப்பட்டனவோ அத்தனை கைகளும் அந்த ஒரு விரலை நோக்கியே நீண்டன.

அந்த விரல் யாரைச் சுட்டும்? தோள் அகன்றவனை முதலில் சுட்டும். பின்னர் தன் ஊரானை, தன் இனத்தானை. சில துறைகளில் கூலியில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டவனை. மாலை வரையில் எஞ்சி நிற்பவன் யார்? முதியவன், காய்ச்சலில் கிடந்து எழுந்தவன், நேற்றைய பாரத்தில் இடுப்பு ஒடிந்தவன், ஊர் புதியவன், கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாதவன். அவன் சோம்பேறியல்லன். சோம்பேறியாயிருந்தால் பத்து மணிக்கே வீடு சென்றிருப்பான். பதினோராம் மணி வேளையிலும் அங்கேயே நின்றான் என்பதே அவனுடைய உழைப்புக்குச் சான்று. காத்திருப்பதும் ஒரு வேலைதான். அதற்குக் கூலி கொடுப்பார் மட்டும் இல்லை.

உவமையில் வரும் தோட்டக்காரன் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டான் என்பதும், அவர்கள் சொன்ன விடையை நம்பினான் என்பதும் கவனிக்கத்தக்கன. வேலையற்று நிற்பவனைக் கண்டால் நம்பிக்கையாளர் பலரின் மனத்தில் முதலில் எழுவது இவனுக்கு என்ன கேடு என்ற ஐயம். குடியன் போலும், சூதாடி போலும், நேர்மையற்றவன் போலும் என்று காரணங்கள் வரிசையாக வந்து நிற்கும். தோட்டக்காரன் அவற்றுள் ஒன்றையும் விசாரிக்கவில்லை. ஒருவரும் அழைக்கவில்லை என்ற விடை அவனுக்குப் போதுமானதாயிருந்தது.

வேலையின்மைக்குக் காரணம் வேலையற்றவனே என்னும் எண்ணத்தை உலகம் கைவிட நெடுங்காலம் பிடித்தது. அதனைக் கைவிடச் செய்த நிகழ்ச்சிகளுள் ஒன்று ஒரு துறைமுகத்திலேயே நடந்தது. 1889ஆம் ஆண்டில் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மணிக்கு ஆறு பென்னி கூலி வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. மற்றொன்று நுட்பமானது: ஒருவனை வேலைக்கு அழைத்தால் குறைந்தது நான்கு மணி நேரக் கூலியாவது தரவேண்டும். அதுவரையில், விடியலில் வாயிலில் முண்டியடித்து உள்ளே சென்றவனை ஒரு மணி நேரம் வேலை வாங்கி, ஒரு மணி நேரக் கூலியோடு வெளியே அனுப்பிவிடுவது வழக்கமாயிருந்தது. கணக்குப்படி அது நியாயமான கூலி. ஆனால் அந்தக் கூலியைக் கொண்டு ஒரு குடும்பம் ஒரு வேளையும் உண்ண இயலாது. அப்போது எண்பது வயதைக் கடந்திருந்த கத்தோலிக்கக் கர்தினால் மானிங் இரு தரப்பாருக்கும் இடையே சென்று பேசி உடன்பாடு காண உதவினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1891இல், போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை குறித்து வெளியிட்ட சுற்றுமடலில், கூலி என்பது இரு தரப்பார் ஒப்புக்கொண்ட தொகை என்பதோடு நின்றுவிடாது, சிக்கனமாக வாழும் தொழிலாளி ஒருவனைத் தாங்கக்கூடியதாகவும் இருக்கவேண்டும் என்னும் கருத்து இடம்பெற்றது.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. 1947இல் பிரிட்டனில் துறைமுகத் தொழிலாளர்க்கென ஏற்பட்ட திட்டமும், 1948இல் இந்தியா இயற்றிய துறைமுகத் தொழிலாளர் சட்டத்தின் வழியே பம்பாய் போன்ற துறைமுகங்களில் வந்த திட்டங்களும், பதிவு பெற்ற தொழிலாளி வேலை தேடி வந்து, வேலை இல்லாமல் திரும்ப நேர்ந்தாலும் அவனுக்கு வருகைப்படி என்று ஒரு தொகையைத் தர வழி செய்தன. வேலை செய்தவனுக்கு மட்டுமன்றி, வேலைக்கென்று வந்து நின்றவனுக்கும் ஒரு தொகை. சட்டம் இயற்றியவர்கள் திராட்சைத் தோட்டத்தை நினைத்து இயற்றினார்கள் என்று சொல்வதற்கில்லை. அவர்களுக்குத் தொழிற்சங்கங்களின் நெருக்கடியே போதுமானதாயிருந்தது. மலாயாவின் துறைமுகங்களும் போருக்குப் பிந்திய 1946, 1947ஆம் ஆண்டுகளில் வேலைநிறுத்தங்களைக் கண்டன. ஆயினும் கணக்குக்கு ஒவ்வாத கதை என்று பல நூற்றாண்டுகள் விண்ணிலே வைக்கப்பட்டிருந்த ஒன்று, அரசாங்க ஏட்டில் விதியாக இறங்கி வந்ததை மறுப்பதற்கில்லை. பிரிட்டனின் திட்டம் 1989இல் நீக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இறங்கி வந்தது மீண்டும் ஏறிப் போவதும் உண்டு.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். தோட்டக்காரன் இன்று இப்படிக் கொடுத்தால் நாளை விடியற்காலையில் யார் வருவார்? எல்லாரும் மாலை ஐந்து மணிக்கே வந்து நிற்பரன்றோ? இது நகையாடி ஒதுக்கத்தக்க வாதமன்று. தொழிற்சாலை நடத்துவோரும் கடை வைத்திருப்போரும் இவ்வச்சத்தோடுதான் வாழ்கின்றனர். இவ்வுவமையைக் கூலி விகிதப் பட்டியலாகக் கொண்டு ஒரு நிறுவனத்தை நடத்த முயல்வோர் அதனைத் தவறாகப் படித்தவராவர். ஆனால், கதையில் முதலில் வந்தவரின் கூலியில் ஒரு காசும் குறைக்கப்படவில்லை. பேசிய பணம் பேசியபடியே கொடுக்கப்பட்டது. ஆகவே உழைப்புக்கேற்ற கூலி என்னும் விதியை இவ்வுவமை உடைக்கவில்லை. அவ்விதிக்கு அடியில் ஒரு தரையை இடுகின்றது. ஒரு பணம் என்பது ஒரு மனிதன் ஒரு நாள் உயிர்வாழ்வதற்கான தொகை. அதனைப் பன்னிரண்டாக வகுத்து ஒரு பங்கைக் கையில் கொடுத்தால், வீட்டில் பிள்ளைகள் பன்னிரண்டில் ஒரு பங்கு பசியோடு இருப்பார்களா?

ஆங்கில அறிஞர் ஜான் ரஸ்கின் 1860இல் பொருளியல் குறித்து எழுதிய கட்டுரைகளுக்கு இவ்வுவமையின் சொற்களையே தலைப்பாக்கினார். 1904இல் தென்னாப்பிரிக்காவில் யோகானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் புகைவண்டியில் சென்றுகொண்டிருந்த காந்தியடிகள் அந்நூலைப் படித்தார். இரவு முழுதும் உறக்கமின்றி, விடிந்ததும் தம் வாழ்வை மாற்றிக்கொள்ள உறுதி பூண்டார். வழக்கறிஞரின் வேலைக்கும் நாவிதரின் வேலைக்கும் ஒரே மதிப்பு என்பது அவர் அந்நூலிலிருந்து பெற்ற பாடங்களுள் ஒன்று. பீனிக்ஸ் குடியிருப்பு அவ்வாண்டிலேயே பிறந்தது. சர்வோதயம் என்ற பெயரும் அந்நூலை அவர் குசராத்தியில் சுருக்கித் தந்தபோது இட்ட தலைப்பே. பாலத்தீன நாட்டுத் தச்சர் மகன் ஒருவர் சொன்ன கதை, இலண்டன் அறிஞர் ஒருவர் வழியாக, போர்பந்தரில் பிறந்த வைணவர் ஒருவரைத் தொட்டது. அந்தக் கதையை ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்த பலரை அது தொடாமற் போனது எப்படி என்பது கேட்கத் தக்க கேள்வியே.

உவமையில் ஆபத்தான வாசகம் ஒன்றும் உண்டு. என் பொருளை என் விருப்பப்படி செய்ய எனக்கு உரிமை இல்லையா என்ற பொருள்பட அந்த உடையவன் பேசுகின்றான். இச்சொற்களை வேறு எத்தனை உடையவர்கள் கூறியிருக்கின்றனர்! தோட்டத்தில் கூலியைக் குறைத்த துரைமாரும் இதையே கூறினர். ஆணும் பெண்ணும் ஒரே நாளில் ஒரே வெயிலில் நிற்க, பெண்ணுக்குக் குறைத்துக் கொடுத்தவர்களும் இதையே கூறினர். சொல் ஒன்றுதான், ஆனால் கை நீண்ட திசை வேறு. உவமையின் உடையவன் அவ்வுரிமையை மிகுதியாகக் கொடுப்பதற்கே பயன்படுத்தினான். உரிமையைக் காட்டிக் குறைத்துக் கொடுப்பவன் அவ்வசனத்தைத் துணைக்கு அழைக்க இயலாது. அவனுக்கென்று திருமறையில் வேறு வசனங்கள் உள்ளன: நாட்கூலிக்காரனின் கூலியை மறுநாள் விடியும்வரை வைத்திருக்கலாகாது என்கிறது லேவியராகமம், பிடித்துவைக்கப்பட்ட கூலி வயலிலிருந்தே கூக்குரலிடுகின்றது என்கிறது யாக்கோபின் நிருபம்.

கூக்குரலிடும் கற்களும் இல்லாமற் போகவில்லை. பினாங்கின் பார்க்கர் தெருவில் வெண்தூண்களோடு அழகுற நிற்கும் செயின்ட் ஜார்ஜ் ஆலயம் 1818இல் கட்டி முடிக்கப்பெற்று, 1819ஆம் ஆண்டு மே மாதம் கல்கத்தா பேராயர் மிடில்டனால் திருநிலைப்படுத்தப் பெற்றது. தென்கிழக்காசியாவின் பழமையான ஆங்கிலிக்கன் ஆலயம் என்று அது போற்றப்படுகின்றது. அதனைக் கட்டிய கைகள் இந்தியாவிலிருந்து கடல் கடத்தி இங்குக் கொண்டுவரப்பட்ட கைதிகளின் கைகள். இத்தீவின் சாலைகளையும் வாய்க்கால்களையும் வெட்டியவர்களும் அவர்களே. தண்டனை பெற்றவன் உழைத்துத்தான் ஆகவேண்டும் என்று கம்பெனி ஏட்டில் எழுதியிருக்கலாம். ஆனால் அந்தச் சுவருக்குள் இருந்துதான் பிலேமோனுக்குப் பவுல் எழுதிய நிருபம் படிக்கப்பட்டது. தப்பியோடிய அடிமை ஒநேசிமுவை இனி அடிமையாயன்றித் தம்பியாக ஏற்றுக்கொள் என்றும், அவன் உனக்குக் கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் எழுதிவை என்றும் பவுல் வேண்டும் நிருபம் அது. சுண்ணாம்பு குழைத்தவனின் கடன் யாருடைய கணக்கில் எழுதப்பட்டது? ஆலயத்தை இடித்துவிடவேண்டும் என்பதன்று இதன் பொருள். தூணின் அழகைக் காட்டும் வழிகாட்டி, தூணை நிறுத்தியவனையும் ஒரு சொல்லால் காட்டினால் போதும்.

அதே வட்டாரத்தில், முன்னாளில் பிட் தெரு என்றும் இந்நாளில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்றும் வழங்கும் வீதியில், சற்று நேரம் நடந்தால் சீனரின் கருணைத் தேவி கோயிலையும், இந்திய முஸ்லிம்களின் பள்ளிவாசலையும், அருகிலுள்ள குவீன் தெருவில் 1833ஆம் ஆண்டைத் தோற்றமாகக் கொண்ட மாரியம்மன் கோயிலையும் காணலாம். ஜார்ஜ் டவுன் 2008இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பின் இவ்வீதியை நல்லிணக்க வீதி என்று பயணிகளுக்குக் காட்டுகின்றனர். அருகருகே கட்டடங்கள் நிற்பதனால் நல்லிணக்கம் விளைந்துவிடாது. கட்டடங்களுக்கு எதிரில் துறைமுகத்தில் அருகருகே நின்று மூட்டை தூக்கியவர்களிடையேதான் அது விளைந்தது எனக் கருத இடமுண்டு. ஒருவன் கை நழுவினால் மற்றவன் கால் நசுங்கும். அங்கே இவன் எந்தக் கோயிலுக்குப் போகிறவன் என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

யோனாவின் நூல் இதனை அழகுறக் காட்டுகின்றது. இறைவன் நினிவேக்குப் போகச் சொன்ன யோனா, யோப்பாத் துறைமுகத்திற்கு வந்து, கட்டணம் செலுத்தி, எதிர்த்திசையில் தர்சீசுக்குச் செல்லும் கப்பலில் ஏறுகின்றான். புயல் எழுகின்றது. கப்பற்காரர் ஒவ்வொருவரும் தத்தம் தெய்வத்தை வேண்டுகின்றனர். சரக்கைக் கடலில் எறிகின்றனர். மெய்யான இறைவனை அறிந்த ஒரே மனிதனாகிய யோனா கீழ்த்தளத்தில் உறங்குகின்றான். எழுப்பப்பட்டு, தன்னாலேயே இப்புயல் வந்தது, தன்னைக் கடலில் எறியுங்கள் என்று அவன் கூறிய பிறகும் அம்மாலுமிகள் அவனை உடனே எறியவில்லை. யாரென்றறியாத ஓர் அயலானைக் காப்பதற்காக, கரைசேர முடியுமா என்று வலிந்து தண்டு வலித்துப் பார்க்கின்றனர். முடியாமற் போன பிறகே, அவனுடைய இறைவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவனைக் கடலில் விடுகின்றனர். தீர்க்கதரிசியைக் காட்டிலும் கப்பற்கூலிகள் உயர்ந்து நிற்கும் இக்கதையைத் திருமறையிலிருந்து நீக்காமல் வைத்துக்கொண்ட முன்னோரின் நேர்மையைப் பாராட்டியே தீரவேண்டும். நம்பிக்கையுடையவன் உறங்க, பிற நம்பிக்கையுடையோர் கப்பலைக் காக்கும் காட்சி, எந்தச் சமயத்தாருக்கும் அவ்வப்போது நினைவூட்டத்தக்கதே.

தமிழ்க் கிறிஸ்தவர் உறங்கிய கப்பல்களும் உண்டு. ஒரே அப்பத்தைப் பகிரும் சபைக்குள் சாதிக்கொரு பக்கம் அமர்ந்த கதை தமிழ்நாட்டில் பல ஊர்களுக்குச் சொந்தம். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆலயத்திற்குள்ளேயே சாதி பிரிக்கும் சுவர் எழுப்பப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இடிக்கப்பட்டபோது வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. கடல் கடந்தபோது அச்சுவர் கடலில் விழுந்துவிட்டது என்று சொல்ல முடியுமானால் நன்றாயிருக்கும். விரல் சுட்டும் இடத்தில், பெண் கேட்கும் இடத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் நின்றே வந்துள்ளது.

துறைமுகம் பின்னர் மாறியது. 1956இல் அமெரிக்காவில் மால்கம் மக்லீன் என்பவர் இரும்புப் பெட்டிகளில் சரக்கை அடைத்து ‘ஐடியல் எக்ஸ்’ கப்பலில் அனுப்பினார். அவ்வாண்டிலேயே பினாங்குத் துறைமுக ஆணையமும் தோன்றியது தற்செயலான ஒற்றுமை. அப்பெட்டிகள் சில பத்தாண்டுகளில் உலகத் துறைமுகங்கள் அனைத்தின் தோள்களையும் வேலையற்றவையாக்கின. இங்கு 1969இல் வரியில்லாத் துறைமுகம் என்னும் நிலையும் நீக்கப்பட்டது. சரக்கு வேலை எதிர்க்கரையான பட்டர்வொர்த்துக்குப் பெயர்ந்தது. தீவின் பக்கத்து சுவெட்டன்ஹாம் துறையில் இந்நாளில் உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. 1972இல் பாயான் லெப்பாஸில் தொடங்கிய தொழிற்பேட்டை இளம்பெண்கள் பல்லாயிரவருக்கு வேலை தந்தது உண்மை. ஆனால் ஐம்பது வயதில் மூட்டையைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதனுக்கு நுண்மின் கருவிகளைக் கோக்கும் மேசையில் என்ன இடம்? அவன் வாழ்நாள் முழுதும் முதல் மணி வேளையிலேயே வந்து நின்றவன். நாள் முடியும் நேரத்தில் அவனைப் பதினோராம் மணி வேளைக்காரனாக்கிவிட்டது காலம்.

இன்றோ அந்த இடத்தில் நிற்பவர் வேறு முகத்தினர். வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்த அவர்கள், முகவருக்குக் கொடுத்த கடனைச் சுமந்துகொண்டு கட்டடச் சாரத்திலும் தொழிற்சாலை விடுதியிலும் வாழ்கின்றனர். தங்கள் பாட்டன் கப்பல் தளத்தில் வந்த கதையைப் பெருமையோடு கூறும் தமிழ்க் குடும்பங்களே, இவர்களைப் பற்றிப் பேசும்போது அன்று துரைமார் பேசிய சொற்களை எடுத்தாள்வதைக் கேட்க நேர்கின்றது. முன்னர் வந்தவர் பின்னர் வந்தவரைக் கண்டு முணுமுணுக்கும் கட்டம் உவமையில் இருப்பது எவ்வளவு கூர்மையானது! மலேசியாவில் 2013ஆம் ஆண்டில் தீபகற்பத்திற்கு மாதம் 900 வெள்ளி என்று குறைந்தபட்ச ஊதியம் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. 2025இல் அது 1,700 வெள்ளியாயிற்று. ஒவ்வொரு முறை உயர்த்தப்படும்போதும், புதியவனுக்கும் பத்தாண்டு உழைத்தவனுக்கும் கூலி ஒன்றாகிவிட்டதே என்று எழும் குரல் திராட்சைத் தோட்டத்துக் குரலேயாகும். அக்குரலில் பொறாமை மட்டும் இருக்கின்றது என்று கூறுவது நேர்மையாகாது. பத்தாண்டு உழைத்தவனின் கூலி ஏன் பத்தாண்டாக உயரவில்லை என்ற நியாயமான கேள்வியும் அதில் இருக்கின்றது. அக்கேள்வி செல்ல வேண்டிய இடம் முதலாளியின் மேசை. அது வழிதவறி, பக்கத்தில் நிற்பவனின் கோப்பையில் விழுந்துவிடுகின்றது.

வீட்டளவிலும் இது நிகழ்கின்றது. துணி துவைக்க வரும் பெண் இரண்டு நாள் காய்ச்சலில் வராவிட்டால் அந்த இரண்டு நாளைக் கழித்துக்கொள்வதா என்பது சிறிய கேள்வி. ஒரு குடும்பத்தின் நம்பிக்கை என்ன நிறை என்பதை அது காட்டிவிடும். நிறை என்றதும் தமிழரின் பழந்துறைமுகம் ஒன்று நினைவுக்கு வருகின்றது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்ளும்போது மிகையாகவும் கொள்ளார், கொடுக்கும்போது குறைவாகவும் கொடார் என்று பட்டினப்பாலை பாடுகின்றது. கள்ளத்தராசு இறைவனுக்கு அருவருப்பு என்பது நீதிமொழிகளின் கருத்து. இரண்டு துறைமுகங்களின் அறமும் தராசில் ஒன்றுபடுகின்றன. உவமை இவ்விரண்டிற்கும் மேலே ஒரு படி செல்கின்றது: தராசு சரியாயிருந்தும் தட்டில் வைப்பதற்கு ஒன்றுமில்லாதவனை என்ன செய்வது என்று கேட்கின்றது.

கதையின் முடிவில் ஒரு செய்தி எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். கூலியை முதலில் வந்தவருக்கு முதலில் கொடுத்திருந்தால் எந்தத் தொல்லையும் இல்லை. பேசிய பணத்தை வாங்கி மடியில் முடிந்துகொண்டு, பின்னே நிற்பவனுக்கு என்ன கிடைத்தது என்று அறியாமலே மகிழ்ச்சியோடு வீடு சென்றிருப்பர். உடையவன் அவ்வாறு செய்யவில்லை. கடைசியாக வந்தவனுக்கு முதலில் கொடுக்குமாறு கணக்கனுக்குத் திட்டமாகச் சொன்னான். பகல் முழுதும் உழைத்துக் களைத்தவர் வரிசையில் நின்று, தம் கண்களாலேயே அதைப் பார்க்கும்படி வைத்தான். பக்கத்தில் நிற்பவன் இன்றிரவு உண்ணப் போகின்றான் என்பதைப் பார்த்து அவர்கள் மகிழக்கூடும் என்று அவன் எதிர்பார்த்திருக்கலாம். அவர்கள் மகிழவில்லை. உடையவன் அவர்களுள் ஒருவனைத் தோழனே என்று விளித்து விடை சொல்கின்றான். அதற்கு அந்தத் தோழன் என்ன மறுமொழி கூறினான், அந்த ஒரு பணத்தை எடுத்துக்கொண்டு எந்த மனத்தோடு வீடு திரும்பினான், மறுநாள் விடியலில் சந்தைவெளிக்கு வந்தபோது முதல்நாள் மாலை தன்னோடு வரிசையில் நின்றவனைப் பார்த்து முகம் திருப்பினானா, அல்லது நகர்ந்து அவனுக்கும் நிற்க இடம் விட்டானா என்பவற்றைக் கதை சொல்லவில்லை.